பிரித்த மஞ்சள் நூல்

எதிர் ஃபிளாட் அபிதகுஜாம்பாளை மன்னிக்கத் தெரியாதவள் என்று அவள் புகுந்த வீட்டில் சொல்வார்கள். எனக்கு அவளைப் பிடித்துப்போனதே அதனால்தான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஹில்டா டீச்சர் இப்படிப் பேசலாமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். மன்னிப்பைப் பற்றி நான் கேட்காத பிரசங்கம் இல்லை. ஆனால் செய்ததை ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாதவர்களை எதற்காக மன்னிக்க வேண்டும் என்று இதுவரை ஒரு போதகரும் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதில்லை.

பெயரை வைத்து வயதானவள் என்று நினைத்துவிடக் கூடாது. முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வருடம்தான் ஆகிறது. திருவண்ணாமலையில் வேண்டிக்கொண்டு பிறந்தவள் என்பதால் அம்மன் பெயரை அப்படியே முழுசாக வைத்துவிட்டார்கள். பொத்தேரிப் பக்கம் ஒரு காலேஜில் அட்மிஷன் செக்‌ஷனில் வேலை. அங்கே அவள் அபிதா. புருஷன் அச்சுதனுக்கும் எனக்கும் அபி. முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுகிறவர் மாமியார் பர்வதம் மாமி ஒருவர்தான், அதுவும் கோபம் வந்தால். அதனால் ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மெண்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் அந்தப் பெயர் மனப்பாடம்.

தாம்பரத்தில் ரயில் ஏறிப் பொத்தேரி போய்வருகிற நேரத்தில் அவள் குரோஷா கற்றுக்கொண்டாள். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் மற்றவர்கள் பூக் கட்டுவார்கள், கீரை ஆய்வார்கள். இவள் போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்துக் கொக்கி ஊசியால் எதையாவது பின்னிக்கொண்டு வருவாள். முதலில் மொபைல் போனுக்கு ஒரு பை. பிறகு டீப்பாய் விரிப்பு. எங்கள் ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்குக்கூட ஒரு சட்டை போட்டுவிட்டாள், வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

பிறகு அவள் உண்டானாள். உடனே மஞ்சள் உல்லன் நூல் வாங்கிவந்து குழந்தைக்கு ஸ்வெட்டர் ஆரம்பித்தாள். தாம்பரத்தில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்கிறவர்கள் மார்கழிக் காலையில் எங்கள் தெருவுக்கு வந்து பார்க்கலாம். பால் பாக்கெட் வாங்க வருகிற ஆம்பிளைகள் எல்லாம் குரங்குக் குல்லாவும் மப்ளருமாக இமயமலைக்குக் கிளம்பியவர்கள் மாதிரிதான் வருவார்கள். அவர்களுக்கே அப்படி என்றால் பச்சைக் குழந்தைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பர்வதம் மாமிக்கு அது பிடிக்கவில்லை. குழந்தை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று ஒரு துணி வாங்குவதோ தைப்பதோ பின்னுவதோ அவர்கள் வீட்டில் கிடையாது. பிறந்ததும் பழைய வேஷ்டித் துணியில் சுற்றிவைத்து, பதினோராம் நாள் சடங்கு முடிந்த பிறகுதான் புதுசு போடுவார்கள். எங்கள் ஜனங்களிலும் பல பேர் வெளியே சொல்லாமல் இதையேதான் செய்கிறார்கள், அது வேறு கதை. அபி சிரித்துக்கொண்டே பின்னினாள். முதுகு, முன்பக்கம், ஒரு கை முடிந்துவிட்டது. இன்னொரு கை பாக்கி.

எட்டாம் மாதம் குழந்தை அசைவதை நிறுத்திவிட்டது. பையன். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது என்றார்கள். அபி மயக்கத்தில் கிடந்தாள். அச்சுதன் குழந்தையை ஆஸ்பத்திரித் துணியோடு வாங்கிக்கொண்டு போனான், அதற்கு வேறு துணி இல்லை. டாக்டரிடம் பேசியதும் மற்றதைப் பார்த்துக்கொண்டதும் அச்சுதனின் தங்கை ஸ்ரீவித்யா. அவளுக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

அபி வீட்டுக்கு வந்தபோது ஸ்வெட்டர் இல்லை. ஒரு கேரி பேக்கில் மஞ்சள் நூல் உருண்டை மட்டும் இருந்தது. வித்யா அதைப் பிரித்துச் சுற்றிவைத்துவிட்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவள் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

"மன்னி எப்பப் பார்த்தாலும் நூலைச் சுத்திச் சுத்திப் பின்னிண்டே இருந்தா. உள்ள கொடி சுத்திண்டுடுத்து. அம்மா எவ்வளவோ சொன்னா, கேக்கலை. டாக்டர்கிட்ட நான்தான் பேசினேன், அவளே ஒரு மாதிரி தலையை ஆட்டினா."

படுக்கையறைக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே பால் கட்டிக்கொண்ட மார்போடு படுத்திருந்த அபி அதை ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தடவை கேட்டாள். அன்றைக்கு வித்யாவை ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்ததுதான் என்னால் முடிந்தது.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் "அவ பின்னினா" என்பது குழந்தை செத்துப்போனதற்கான காரணத்தின் பெயராகிவிட்டது. சித்தப்பா பெரியப்பா வீடுகள் வரைக்கும் போய்விட்டது. அச்சுதன் நல்லவன். நல்லவன் என்றால், அம்மாவுக்கோ தங்கைக்கோ எதிராக ஒரு நாளும் வாயைத் திறக்காதவன். அபி ஊசியைத் தொடவில்லை. ரயிலில் சும்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போவாள். அந்த நூல் உருண்டையை மட்டும் பீரோவில் தன் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும் ஹில்டாக்கா," என்று ஒரு தடவை சொன்னாள். "நீ பின்னினதால இல்லைன்னு வித்யா சொல்லணும். எத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொன்னாளோ, அத்தனை பேர் முன்னாடி இதையும் சொல்லணும்."

"சொல்லுவான்னு நினைக்கிறியா?"

"சொல்ல வைப்பேன்."

மூன்று வருடம் பொறுத்தாள். இதற்குள் வித்யாவுக்குக் கல்யாணம் ஆகி, முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு, அதாவது அபி இருக்கிற அதே ஃபிளாட்டுக்கு, வந்து இறங்கினாள். கார்த்திகையில் வளைகாப்பு. வெளியே நல்ல மழை. சோபாவை எல்லாம் ஓரம்கட்டி, வித்யாவைக் கறுப்புப் பட்டுப் புடவையில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். சுமங்கலிகள் ஒவ்வொருவராகப் போய் சந்தனம் பூசிக் கண்ணாடி வளையல் போட்டார்கள். "ஹில்டா, நீயும் வந்து போடும்மா" என்று என்னையே கூப்பிட்டார் மாமி. நானும் போட்டேன்.

அடுத்து நின்றது அபி. கையில் பச்சை வளையல் ரெண்டு எடுத்துவிட்டாள். மாமி சிரித்த முகம் மாறாமல் சொன்னார்: "நீ உள்ள போய் சித்ரான்னமெல்லாம் எடுத்து வைம்மா."

கூடத்தில் யாருக்கும் புரியாமல் இல்லை. குழந்தையைப் பறிகொடுத்தவள் கையால் வளையல் வேண்டாம் என்று அர்த்தம். வித்யா தன் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அபிதகுஜாம்பாள் என்று திட்டியிருந்தாலாவது தேவலை, அந்த "வைம்மா"தான் எனக்குத் தாங்கவில்லை.

அபி உள்ளே போனாள். புளியோதரையோடு வருவாள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தபோது மஞ்சள் நூல் உருண்டையோடும் கொக்கி ஊசியோடும் வந்தாள். வித்யாவுக்கு நேர் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நூலில் ஒரு சுருக்குப் போட்டு ஊசியை நுழைத்துச் சங்கிலி போட ஆரம்பித்தாள்.

"என்னடி பண்றே?" என்றார் மாமி.

"வித்யாவுக்கு எட்டாம் மாசம் வரதுக்குள்ள முடிச்சுடலாம்னு பாக்கறேன்மா. ஸ்வெட்டர்."

ஒரு பின்னலைப் பிரித்த நூல் நேராக நிற்காது. பழைய கண்ணிகளின் வளைவு அதில் அப்படியே இருக்கும், நூடுல்ஸ் மாதிரி சுருண்டு சுருண்டு கிடக்கும். அலசி, கனம் கட்டித் தொங்கவிட்டால்தான் நேராகும். அபி அதை அலசவில்லை. வித்யா அந்தச் சுருட்டையைப் பார்த்தாள். தன் கையால் பிரித்த நூல் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் இருந்த சந்தனத்துக்கு அடியில் அவள் வெளுத்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் எங்கள் இரண்டு வீட்டிலும் வேலை செய்கிற அம்மணி பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "டீச்சர், எதுர் வூட்ல இன்னா நடக்குது? பொறக்காத கொயந்திக்கு அந்த அக்கா சொட்டர் பின்னிகினு குந்திகீது. அந்தப் பொண்ணு அழுதுகினு கீது. ஒரே பேஜாரா கீது."

அபி ஒளித்துப் பின்னவில்லை. காலையில் காப்பிக்குப் பிறகு கூடத்தில், ரயிலில், சாயங்காலம் மறுபடியும் கூடத்தில். வித்யா டிவி பார்க்க வந்தால் இவள் பக்கத்து நாற்காலி. மாமி திட்டினார், சாமி அறையில் போய் அழுதார். வித்யாவின் மாமியாருக்குப் போன் போய், அவர்கள் அச்சுதனுக்குப் போன் செய்து, கடைசியில் அந்த நல்லவன் வாயைத் திறந்தான்.

"அபி, ஒரு ரெண்டு மாசம் நிறுத்தி வையேன்."

"ஏன்? நான் பின்னினா குழந்தை செத்துடும்னு நீங்களும் நம்பறேளா?"

"அப்படி யார் சொன்னா?"

"உங்க தங்கை சொன்னா. மூணு வருஷமா. அப்ப நீங்க எங்க இருந்தேள்?"

நல்லவன் எழுந்து போய் டிவியைப் போட்டுக்கொண்டான்.

ஒரு மத்தியானம் அபி லீவில் என் வீட்டில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். வித்யாவே தேடி வந்தாள். கால் வீங்கி, செருப்புப் போட முடியாமல் வெறுங்காலோடு வந்திருந்தாள். செக்கப்பில் பி.பி. கூடுதலாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்களாம்.

"மன்னி, போறும். நிறுத்திடுங்கோ. எனக்குப் பயமா இருக்கு."

அபி ஊசியை நிறுத்தவில்லை. "எதுக்குப் பயம்?"

"தெரியலை. பயமா இருக்கு."

"இதாலதான் ஆகும்னா, என் குழந்தையை நான்தான் கொன்னேன்னு அர்த்தம். இதால இல்லைன்னா, நான் பின்னிண்டு போறதுல உனக்கு என்ன? ரெண்டுல எதுன்னு சொல்லு வித்யா. இல்லைன்னு சொல்லு, இந்த நிமிஷமே எடுத்து உள்ள வெச்சுடறேன்."

வித்யாவின் வாய் திறந்தது. சொல்லிவிடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அவள் என்னைப் பார்த்தாள், ஸ்வெட்டரைப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். ஒரு வாக்கியம்தான். அதைச் சொல்ல அவளுக்கு என்ன கேடு என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

அவள் போனதும் அபியின் கை நின்றது.

"பி.பி.ன்னா குழந்தைக்கு ஆபத்தா ஹில்டாக்கா?"

"பார்த்துக்குவாங்க. அதெல்லாம் மாத்திரையில அடங்கிடும்."

"ஏதாவது ஆச்சுன்னா?" ஊசியில் கடைசியாக நின்ற அந்த ஒற்றை வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரோஷாவில் எவ்வளவு பின்னினாலும் கடைசியில் ஊசியில் நிற்பது ஒரே ஒரு வளையம்தான். ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தால் மொத்தமும் கடகடவென்று வந்துவிடும். "ஏதாவது ஆச்சுன்னா ஊரே என்னைக் கொலைகாரின்னு சொல்லும். நானே நம்பிடுவேன்."

"அப்ப பிரிச்சுடு."

"பிரிச்சா ஒத்துண்ட மாதிரி."

மறுபடி பின்ன ஆரம்பித்தாள்.

அன்றிலிருந்து சாயங்காலம் தெருமுனைப் பிள்ளையாரைச் சுற்ற ஆரம்பித்தாள். காலேஜிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு நேரே போய்விடுவாள். வித்யாவின் மாத்திரையை மாமி மறந்தாலும் இவள் மறக்க மாட்டாள். உப்புப் போடாத சாப்பாடு தனியாக அவளுக்குச் சமைத்து வைத்துவிட்டுத்தான் ரயிலுக்குக் கிளம்புவாள். அந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று அந்த வீட்டில் அபியைவிட அதிகமாக வேண்டிக்கொண்டவர்கள் யாரும் கிடையாது. பாசம் என்று நினைத்து ஏமாற வேண்டாம். குழந்தை உயிரோடு பிறந்தால்தான் அவள் பழி தீரும். நானும் என் பங்குக்கு முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, அபிக்கு மன்னிக்கிற மனசைக் கொடும் என்று ஜெபிக்கவில்லை. அவளை ஜெயிக்க வையும் என்றுதான் ஜெபித்தேன்.

பொங்கல் முடிந்த வாரம், குறித்த நாளுக்கு முன்னாலேயே வித்யாவுக்கு வலி எடுத்தது. அச்சுதன் காரில் அவளையும் மாமியையும் ஏற்றிக்கொண்டு சேலையூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். காரில் இடம் இருந்தது, அபியை ஏறச் சொல்லவில்லை. நான் ஸ்கூலுக்குப் போன் செய்து லீவு சொல்லிவிட்டு அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். மடியில் ஹேண்ட்பேக், அதற்குள் ஸ்வெட்டர். இரண்டாவது கை முடிய மணிக்கட்டுப் பக்கம் கொஞ்சம்தான் பாக்கி.

லேபர் வார்டுக்கு வெளியே பெஞ்சில் மாமி ஏதோ ஸ்லோகம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வித்யாவின் மாமியாரும் அச்சுதனின் இரண்டு அத்தைகளும் வந்துவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் அபி வீட்டுக் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டே வித்யாவின் பேச்சைக் கேட்டுத் தலையாட்டிய அதே அத்தைகள். அபி எதிர் பெஞ்சில் உட்கார்ந்து நூலை வெளியே எடுத்தாள்.

"இங்கயுமா?" மாமி ஸ்லோகத்தை நிறுத்தினார். "உனக்கு நெஞ்சில ஈரமே இல்லையா? அபிதகுஜாம்பாள், கேக்கறேன், உனக்கு மனசாட்சியே இல்லையா?"

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அபி பின்னிக்கொண்டே இருந்தாள். ஒரு கண்ணி நழுவியது, பிடித்துக்கொண்டாள். இன்னொன்றும் நழுவியது. உள்ளே வித்யா கத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் நின்றுவிட்டது. அபியின் கை நூலைப் பிடித்து இழுக்கப் போனதை நான் பார்த்தேன். இழுத்தால் எல்லாமே பிரிந்துவிடும். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஊசியைக் குத்திக் கடைசிக் கண்ணியை எடுத்தாள், முடிச்சுப் போட்டாள், நூலைப் பல்லால் கடித்தாள். அதற்குப் பிறகுதான் குழந்தை அழுதது. இடைப்பட்ட அந்த நேரத்தில் என் உயிரே என்னிடம் இல்லை.

பெண் குழந்தை. நல்ல கனம், நல்ல குரல். டாக்டரம்மா வெளியே வந்து, "கழுத்துல கொடி ஒரு சுத்து சுத்தியிருந்தது, எடுத்துவிட்டுட்டோம், ஒண்ணும் பிரச்சினை இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமி நெஞ்சில் கையை வைத்தார். "ஐயோ! கொடி சுத்திப் பொறந்தா மாமனுக்கு ஆகாதேடா அச்சுதா!" என்று மகனைப் பிடித்துக்கொண்டார். உடனே திரும்பி அபியைப் பார்த்தார். "சொன்னேனே, கேட்டியா? இவ பின்னினா, சுத்திடுத்து!"

குழந்தை செத்தாலும் அபி குற்றம், உயிரோடு பிறந்தாலும் அபி குற்றம். எனக்கு வந்த கோபத்தில் என் வாயில் என்ன வந்திருக்குமோ. அபி என் கையை அழுத்தினாள்.

வித்யாவை ரூமுக்குக் கொண்டுவந்த பிறகு எல்லாரும் உள்ளே போனோம். குழந்தை பழைய வேஷ்டித் துணியில் சுற்றிக் கிடந்தது. மாமி அங்கேயும் மாமனுக்கு ஆகாத கதையை ஆரம்பித்துவிட்டார். என்ன பரிகாரம் என்று அத்தைகள் யோசித்தார்கள். அபி கட்டில் கால்மாட்டில் நின்று ஸ்வெட்டரைப் போர்வை மேல் விரித்து வைத்தாள். மஞ்சளாக, இரண்டு கையோடும், முழுசாக.

"முடிச்சுட்டேன் வித்யா. உன் குழந்தை நன்னா இருக்கா. இப்ப சொல்லு."

"என்னடி சொல்லணும்?" என்று மாமி குறுக்கே வந்தார். "பச்சை உடம்புக்காரிகிட்ட வந்து..."

"அம்மா, நீ வாயை மூடு," என்றாள் வித்யா. குழந்தையின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். அழ ஆரம்பித்தாள். "மன்னி பின்னினதால இல்ல. அன்னிக்கும் இல்ல. டாக்டர் அப்பவே என்கிட்ட சொன்னா. யார் பண்ணினதாலயும் இல்லம்மா, எத்தனையோ குழந்தைக்குச் சுத்தும், இந்தக் குழந்தைக்கு நேரம் சரியில்லை, உங்க மன்னியைப் பார்த்துக்கோங்கோன்னு சொன்னா. நான்தான் ஆத்துக்கு வந்து மாத்திச் சொன்னேன். யாரையாவது சொல்லணும்போல இருந்தது. அப்புறம் மாத்த முடியலை."

மாமி உட்கார்ந்துவிட்டார். அச்சுதன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மூன்று வருடத்துக்கு முன்னால் கேட்டவர்களில் முக்கியமானவர்கள் அந்த ரூமில் இருந்தார்கள். மிச்சப் பேருக்கு அத்தைகளே சொல்லிவிடுவார்கள்.

அபி அழவில்லை. "தெரிஞ்சே சொன்னே," என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

"தப்புதான் மன்னி. என்னை என்ன வேணா சொல்லுங்கோ." வித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையைத் தூக்கி நீட்டினாள். "சடங்கெல்லாம் கிடக்கட்டும். நீங்களே உங்க கையால போட்டு விடுங்கோ. இவளுக்குன்னு பின்னினேளே."

எல்லாரும் அபியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இந்த இடத்தில் இவள் உருகிவிடப் போகிறாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அபி குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு ஸ்வெட்டரை எடுத்து, இரண்டு கைகளையும் உள்பக்கம் மடித்து, ஹேண்ட்பேக்கில் வைத்து ஜிப்பை மூடினாள்.

"இவளுக்குன்னு நான் எப்ப சொன்னேன்? இது அவனோடது. ஒரு கை பாக்கி இருந்தது."

யாரும் நிறுத்தவில்லை. நாங்கள் கீழே வந்தோம். நான் ஸ்கூட்டரை எடுத்தேன். அபி பேக்கை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கேம்ப் ரோடு சிக்னலில் நின்றபோது கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன்.

"அந்தக் குழந்தைக்கு ஒண்ணு பின்ன மாட்டியா அபி?"

"அவளுக்கென்ன ஹில்டாக்கா, உயிரோட இருக்கா," என்றாள். "கடையில கிடைக்கும்."